மந்தைக்குத் திரும்ப வேண்டிய படங்கள்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் தடத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர்களில் ஒன்று ராசிங்காபுரம். இந்தச் சுற்றுவட்டாரத்துக்குக் கேமராக்கள் கூட்டமாக வந்த சந்தர்ப்பங்களாக இரண்டைச் சொல்லலாம். பக்கத்துப் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது ஒன்று. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது மற்றொன்று. இரண்டும் பெரிய செய்திகள்தான். கேமரா வந்ததில் தவறே இல்லை. ஆனால் இதே அடிவாரத்திலிருந்து விடியும் முன்னே ஜீப்பேறி, மெட்டு கடந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயும் நேரத்தில் இறங்கும் பெண்களின் பிழைப்பு செய்தியாவது, அந்த ஜீப்புகளில் ஒன்று கவிழும்போது மட்டும்தான். சமூகப் பிரச்சினைகளையும் தனிமனிதர் வாழ்க்கையையும் எடுத்துப் பேசும் சுயாதீன ஆவணப்படங்கள் தமிழில் என்ன சாதித்திருக்கின்றன, எங்கே குறைபட்டிருக்கின்றன என்று இந்த அடிவாரத்தில் நின்று கேட்டால் ஒரு விஷயம் தெளிவாகிறது. நம் ஆவணப்படத்தின் பெரும்பகுதி நிகழ்வுகளின் பின்னால் போயிருக்கிறது. அதன் மிகச் சிறந்த படங்களோ அன்றாட உழைப்பின் பக்கத்தில் நின்றவை. அப்படி எடுத்த படமும் எடுத்த ஊருக்குத் திரும்பி வந்தால்தான் அதன் வேலை முடிகிறது.

அன்றாட உழைப்பு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய்ப்பது தூரடியில், தரையோடு படர்ந்து கிடக்கும் சரங்களில். குனிந்தோ குத்தவைத்தோ செடி செடியாக நகர்ந்து, விளைந்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் அடுத்த எடுப்புக்கு நட்டம். ஒரு முறை எடுத்தால் முடிவதில்லை. ஆடி ஆவணியில் ஆரம்பித்துத் தை மாசி வரைக்கும், மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். மேலே மழை, காலில் அட்டை, இலையிலும் சரத்திலும் அடிக்கடி தெளிக்கப்படும் மருந்து. ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் காய்ந்து இறங்கினால் கிட்டத்தட்ட ஒரு கிலோ கிடைக்கும். அது போடிக்கு வந்ததும் மறுபடி பெண்களின் கைக்குத்தான் போகிறது: கிடங்குகளில் உட்கார்ந்து காம்பு நீக்கி, நிறமும் பருமனும் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, அதற்குக் கீழே வேறு விலை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் புத்தடியிலும் போடியிலும் நடக்கிறது. அங்கே திரையில் ஓடும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இந்த இரண்டு முனை உழைப்பும் இருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டங்களையும் உள்ளடக்கியிருந்தது. ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களுக்குத்தான் பொருந்தும் என்ற வரம்பு அதில் இருந்தது. சிறு தோட்டங்களில் தினக்கூலிக்குப் போய்வரும் பெண்களுக்கு அதனால் ஆன பலன் குறைவு. வேலை கேரளத்தில், ரேஷன் அட்டையும் ஓட்டும் தமிழ்நாட்டில். இரண்டு அரசுகளின் கணக்கேட்டுக்கும் நடுவில் விழுந்துவிடும் உழைப்பு இது. 2020 ஊரடங்கில் எல்லை மூடப்பட்டபோது, இந்தக் குடும்பங்களின் வருமானமும் அன்றோடு நின்றது.

இத்தனையிலும் செய்தித்தாளுக்கு உகந்த நிகழ்வு எதுவும் இல்லை. முதுகுவலிக்குத் தேதி கிடையாது. வருடக்கணக்கில் மருந்து வாடையைச் சுவாசித்த உடம்புக்கு முதல் தகவல் அறிக்கை எழுதப்படுவதில்லை. ஆவணப்படத்துக்கு இங்கேதான் கடினமான வேலை காத்திருக்கிறது.

தமிழில் ஆவணப்படம் அரசு அலுவலகத்தில் பிறந்த கலை அல்ல என்பதை முதலில் நினைவில் கொள்வது நல்லது. ஏ.கே. செட்டியார் தனிமனித முயற்சியாக நாடு நாடாக அலைந்து, காந்தியைப் பற்றிய படச்சுருள்களை 50,000 அடி அளவுக்குத் தேடிச் சேர்த்து, 1940-இல் தம் படத்தை வெளியிட்டார். அரசாங்கத்தின் ஃபிலிம்ஸ் டிவிஷன் வந்தது அதற்குப் பிறகு, 1948-இல்தான். அதன்பின் நீண்ட காலம் ஆவணப்படம் என்றால் திரையரங்கில் படம் தொடங்குவதற்கு முன் ஓடும் அரசுச் செய்திப்படம் என்றே மக்கள் நினைத்தார்கள். அணைகளும் திறப்பு விழாக்களும் அதில் நிறைந்திருந்தன. கையடக்க வீடியோ கேமரா விலை குறைந்து வந்த தொண்ணூறுகளில்தான் செட்டியாரின் சுயாதீன மரபு வேறு உருவத்தில் திரும்பியது. மதுரையில் அமுதன் ஆர்.பி.யின் ‘மறுபக்கம்’ 1998-இல் ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கியது. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டு வந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலம் திருநெல்வேலியில் காவல்துறையின் தடியடிக்கு உள்ளாகி, 17 பேர் தாமிரபரணியில் இறந்தனர், ஆர்.ஆர். சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்ற படத்தில் அதைப் பதிவு செய்தார். பாரதி கிருஷ்ணகுமார் 2005-இல் ‘ராமையாவின் குடிசை’யில் கீழ்வெண்மணிக்குப் போனார், 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்ட அந்தக் குடிசையின் கதையை, முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, எஞ்சியிருந்த மனிதர்களின் வாயால் சொல்ல வைத்தார். நீதிமன்றத்தில் தோற்றுப்போன சாட்சியம் ஒரு படத்தில் உயிரோடு நின்றது. இந்தப் படங்கள் இல்லாமல் போயிருந்தால் அடுத்த தலைமுறைக்கு எஞ்சியிருப்பது வழக்கு எண்களும் ஆணைய அறிக்கைகளும் மட்டுமே.

ஆனால் இவை எல்லாமே சாவுக்குப் பிறகு தொடங்கும் படங்கள். மாஞ்சோலையை நாடு கவனிக்கப் பதினேழு பேர் ஆற்றில் விழ வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய எழுபது வருடம், 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட அந்தக் காட்டில் நடந்த அன்றாடத்தைப் பார்க்க அப்போது யாரும் போகவில்லை. மூணாறிலும் அதே கதைதான். 2015 செப்டம்பரில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு ‘பெம்பிளை ஒருமை’யாகச் சாலையில் உட்கார்ந்தபோது எல்லாத் தொலைக்காட்சிகளும் வந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி லயன் வீடுகள் மண்ணில் புதைந்து 70 பேர் இறந்தபோது மறுபடி வந்தன. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அந்தப் பெண்கள் எத்தனை கிலோ கொழுந்து கிள்ளினார்கள், லயனின் கூரை எப்படி இருந்தது என்பதைப் பொறுமையாகப் பார்த்துவந்த கேமரா இருந்திருந்தால், பெட்டிமுடியை வெறும் இயற்கைச் சீற்றம் என்று சொல்லி முடித்திருக்க முடியாது.

நிகழ்வுக்குக் காத்திராமல் உழைப்பின் பக்கத்தில் நின்ற படங்களும் நம்மிடம் உண்டு. அவற்றின் பலம் வேறு மாதிரியானது. அமுதன் 2003-இல் எடுத்த ‘பீ’ இதற்கு முதல் சான்று. அரை மணி நேரத்துக்கும் குறைவான படம். மதுரையில் ஒரு தெருவைச் சுத்தம் செய்யும் மாநகராட்சிப் பெண் பணியாளர் ஒருவரை அவருடைய வேலை நேரம் முழுக்கப் பின்தொடர்கிறது. நிபுணர் பேட்டி இல்லை, புள்ளிவிவரம் இல்லை. அவர் கூட்டுகிறார், அள்ளுகிறார், பேசுகிறார். பார்க்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அந்த அம்மாவுக்கு அந்த வசதி இல்லை என்பது அந்தச் சில நிமிடங்களில் உறைக்கிறது. சாதி என்ற பெரிய சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. தெருவில் மலம் கழித்தவர் யார், அள்ளுகிறவர் யார் என்ற காட்சியே விளக்கம். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017-இல் திவ்யபாரதி ‘கக்கூஸ்’ படத்தில் இதே உழைப்பைத் தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. கழிவுநீர்க் குழியில் இறப்போர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. அப்படியொரு வேலையே இல்லை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், வெறுங்கையோடு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களின் முகங்களைப் படம் வரிசையாக முன்வைத்தது. ஒரு படத்தில் ஒரே ஆள், இன்னொன்றில் நூற்றுக்கணக்கான சாயல்கள். இரண்டிலும் தனிக்கதையும் சமூகப் பிரச்சினையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக நிற்கக் காரணம், கேமரா உழைப்பைப் பிடித்துக்கொண்டதுதான். ஒருவர் தம் துயரத்தைச் சொல்லும்போது அது அவருடைய கதையாக இருக்கிறது. அவர் செய்யும் வேலையை முழுசாகக் காட்டும்போது, அந்த வேலையை அவர் தலையில் கட்டியவர்களும் படத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

இத்தகைய படங்கள் ஒருதலைப்பட்சமானவை, பிரச்சாரம், முதலாளி தரப்பையும் அதிகாரி தரப்பையும் சமமாகக் கேட்பதில்லை என்பது பழைய ஆட்சேபம். இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. தவறான தகவலைச் சொல்லும் படம் எந்தப் பக்கம் நின்றாலும் தவறுதான்; பார்வையாளரை அழவைப்பதற்காகக் காட்சியைத் தயாரிப்பதும் தவறுதான். ஆனால் உண்மையாக இருப்பதும் இரு தரப்புக்கும் சம நேரம் ஒதுக்குவதும் ஒன்றல்ல. பார்பரா காப்பிள் அமெரிக்காவின் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை அவர்களோடு தங்கிப் படமாக்கினார். ‘ஹார்லன் கவுண்ட்டி யு.எஸ்.ஏ.’ (1976) மறைக்காமல் தொழிலாளர் பக்கம் நிற்கிறது, ஆஸ்கரும் பெற்றது. யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் படமே சொல்லிவிட்டதால் பார்வையாளர் ஏமாற்றப்படவில்லை. பொட்டிப்புரம் விவகாரத்தைப் படமாக்குகிறவருக்கும் இதே பாடம்தான். நியூட்ரினோ துகளால் உடம்புக்குக் கேடு என்று பயமுறுத்தும் படம் அறிவியலுக்கும் ஊருக்கும் துரோகம். அந்தத் துகள் எந்நேரமும் நம் எல்லோரையும் ஊடுருவிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஊர்க்காரர்களின் கேள்வி பாறை உடைப்பு, தண்ணீர், மேய்ச்சல், யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள் என்பவை. அந்தக் கேள்விகளைத் துல்லியமாகக் காட்டினால் போதும். ஒரு பக்கம் நிற்பது அதற்குத் தடையாகாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று: ஏழையின் வாழ்க்கையைப் படமாக்கி, பெயரும் பரிசும் பெறுவது இயக்குநர், படத்தில் வந்தவருக்கு என்ன கிடைத்தது? கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ முதுமலைத் தெப்பக்காட்டில் பொம்மன், பெள்ளி தம்பதி யானைக்குட்டிகளை வளர்த்த கதை. 2023 மார்ச்சில் ஆஸ்கர் வென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தம்பதியர் தங்களுக்குச் சொன்னபடி பணம் வரவில்லை என்று பொதுவெளியில் குறைகூறினர். படக்குழு அதை மறுத்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. ஆனால் படமாக்கப்பட்டவருக்கும் படமாக்கியவருக்கும் நடுவில் எழுத்தில் தெளிவான ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற பாடத்தை ஆவணப்படக்காரர் எவரும் தள்ள முடியாது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த வெற்றிக்குப் பின் தமிழக அரசு தெப்பக்காடு, கோழிகமுத்தி யானை முகாம்களின் 91 பணியாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது. வீடு கட்டவும் நிதி ஒதுக்கியது. ஆக, ஒரு குடும்பத்தின் அன்பைச் சொன்ன படமும் ஒரு முகாமின் கூலிக்காரர்களைக் கண்ணுக்குக் கொண்டுவர முடியும். என் குறை வேறு. அந்தத் தம்பதியின் சமூகமான காட்டுநாயக்கர் காட்டில் எப்படி வேலைக்காரர் ஆனார்கள் என்ற கேள்வியை அந்தப் படம் தொடவே இல்லை. அழகான மலை, அழகான அன்பு என்று முடிந்துவிடுகிற படத்தால் மலையில் யாருடைய கூலியும் பேசப்படாது. ஏலமலையும் பார்க்க அவ்வளவு அழகுதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

சரி, இதையெல்லாம் கதைப்படம் செய்யாதா? செய்தது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) இந்த மலைச்சரிவிலேயே, இந்த மக்களின் பேச்சோடும் நடையோடும், ஏலமூட்டை சுமக்கும் ஒருவன் துண்டு நிலம் வாங்க ஆசைப்பட்டு எல்லாவற்றையும் இழக்கும் கதையைச் சொன்னது. தேனி ஈஸ்வரின் கேமரா ஒற்றையடிப் பாதையில் அவனோடு நடந்தது. தமிழில் இந்த உழைப்பை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய கதைப்படம் வேறொன்றைச் சொல்வது கடினம். ஆனாலும் கதைப்படத்தால் ஆகாத ஒன்று உண்டு: சாட்சி சொல்வது. கதையில் மருந்தடிக்கிறவனுக்கு மூச்சுத்திணறினால், அது கதை என்று சொல்லி அதிகாரி தப்பிக்கலாம். உண்மையான ஆள் முகத்தோடு முன்னே வந்து, இந்தத் தோட்டத்தில் இத்தனை வருடம் கையுறை இல்லாமல் அடித்தேன் என்று சொன்னால், யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறதே, ஜீப்பில் போகும் பெண்ணே தன் வாழ்க்கையை எடுத்து ஏற்றலாமே என்கிறார்கள். ஏற்றட்டும், நல்லதுதான். ஆனால் அரை நிமிடத் துண்டுகள் எத்தனை சேர்ந்தாலும் ஒரு பருவத்தின் எடுப்பு முழுவதும் பதிவாகிவிடாது. யாராவது உட்கார்ந்து தேர்ந்து, கோத்து, கணக்குக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்; அந்த வேலைக்குத்தான் ஆவணப்படம் என்று பெயர்.

உண்மையில் பெரிய தடை எடுப்பதில் இல்லை, காட்டுவதில் இருக்கிறது. 1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி பொது இடத்தில் காட்டும் எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். முன்தணிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1970-இல் தீர்ப்பளித்த வழக்கே ஓர் ஆவணப்படத்தைப் பற்றியதுதான்: நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டிய கே.ஏ. அப்பாஸின் படம். மும்பை சர்வதேச விழா 2004-இல் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்று கேட்டபோது முந்நூறுக்கும் மேற்பட்ட ஆவணப்படக்காரர்கள் எதிர்த்தார்கள். ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவையே நடத்திக் காட்டினார்கள். தணிக்கை முடிவை எதிர்த்துப் போக இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது; லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ அந்தத் தீர்ப்பாயத்தின் வழியாகத்தான் வெளியே வந்தது. இனி ஒரு சின்னப் படத்தை எடுத்தவர் உயர் நீதிமன்றம் ஏற வேண்டும். ‘கக்கூஸ்’ திரையிடல்களைக் காவல்துறை தடுத்தது. படம் யூடியூபுக்குப் போனது. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், அது வெற்றிதான். ஆனால் ஒரு துப்புரவுக் குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, படம் முடிந்ததும் எழுந்து பேசுவது கைபேசியில் நடக்காது. தடுத்தவர்கள் அதை நன்றாகவே தெரிந்துவைத்திருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சேர்ந்து பார்ப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. கனடாவின் ஃபோகோ தீவு மீனவர்களை வேறிடத்துக்கு மாற்ற அரசு யோசித்துக்கொண்டிருந்த 1967-இல், தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ அங்கே சிறு சிறு படங்களாக எடுத்தார். எடுத்ததை முதலில் தீவுக்காரர்களுக்கே ஊர் ஊராகப் போட்டுக்காட்டினார். அவர்கள் சரி என்ற பிறகுதான் அமைச்சர்களுக்குக் காட்டினார். தனித்தனி ஊர்களாகப் பிரிந்து கிடந்தவர்கள் தங்கள் குறை ஒன்றுதான் என்று திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள், கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், தீவைவிட்டுப் போகவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஜான் ஆபிரகாமின் ஒடேசா இயக்கம் எண்பதுகளில் மக்களிடம் காசு திரட்டிப் படம் எடுத்து, ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டியது. இரண்டிலும் படம் எடுத்த பிறகு தொடங்கிய வேலைதான் பெரிது.

ஏலமலையின் உழைப்பைப் பற்றி அப்படியொரு படம் பேர் சொல்லும்படி இன்னும் அமையவில்லை. அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு பருவம் முழுக்க அடிவாரத்தில் தங்கும் பொறுமை வேண்டும். எடுப்பிலிருந்து ஸ்டோர், ஸ்டோரிலிருந்து போடிக் கிடங்கு, கிடங்கிலிருந்து ஏலத் திரை என்று ஒரே ஒரு பெண்ணின் கைப்பட்ட காய் போகும் வழியைப் பின்தொடர்ந்தாலே போதும். இரண்டு மாநிலங்களின் தொழிலாளர் துறைகளும், மருந்துக் கடைகளும், தோட்ட முதலாளியும் தாமாக அந்தப் படத்துக்குள் வந்துவிடுவார்கள். அவர் பெயரையும் முகத்தையும் காட்டலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். கூலி வேலையை விட்டு அவர் கேமராவுக்காக நிற்கும் நாளுக்கான கூலியைப் படக்காரர் கொடுக்கட்டும். முதல் திரையிடல் சென்னையிலும் வேண்டாம், வெளிநாட்டு விழாவிலும் வேண்டாம். ஜீப்புகள் இறங்கிய பிறகு, ராசிங்காபுரத்து மந்தையில் நடக்கட்டும். ஊராட்சிகளும் ஊர்ப் பள்ளிகளும் இடம் கொடுத்து உதவ வேண்டும். படம் எடுக்கத் தெரிந்த தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று சென்னையில் வாய்ப்புத் தேடி அலைகிறார்கள்; அவர்களில் ஓரிருவராவது அடுத்த ஆடிக்கு முன்னால் ஊருக்கு வந்து இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.